பிசிஏவா, பி.இ.யா, ஆறு மாதக் கோர்ஸா: சென்னையில் வெப் படிக்க எது தோது?

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. நான் பெரிய ஆளெல்லாம் இல்லை, அசோக் நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் ஐந்து பேரோடு உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறேன். ஆனாலும் சொந்தபந்தத்தில் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்று பெயர் விழுந்துவிட்டதால், "தம்பி, பையன் வெப் டிசைனிங் படிக்கணும்ங்கறான், எங்க சேக்கலாம்?" என்று கேட்டு வரும் அழைப்புக்குக் குறைவில்லை. இந்த வருடம் அந்த வரிசையில் என் அக்காவும் சேர்ந்துகொண்டாள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று: கல்லூரியில் சேர்ந்தால் வெப் வேலை வந்துவிடும் என்று நம்பிச் சேர்பவர்கள் இரண்டாம் வருடத்தில் ஏமாறுவார்கள். வெப்சைட்டை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் உலகம் ஓடுகிற வேகத்துக்கு எந்தப் பாடத்திட்டக் குழுவாலும் கூட ஓட முடியாது. வெப்பை வீட்டில் உட்கார்ந்து தானே செய்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் கல்லூரி எதற்கு? அதைத்தான் கீழே பார்க்கிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

பையனுக்கு, பெண்ணுக்கு உண்மையில் பிடித்தது எது? டிசைனும் டெவலப்மென்டும் ஒன்று என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எந்தப் படம் முதலில் வர வேண்டும், போன் நம்பர் எங்கே இருக்க வேண்டும், அறுபது வயதுப் பெரியவர் கண்ணாடியைத் தேடாமல் வாடகையைப் படிக்க முடிகிறதா என்று யோசிப்பது டிசைன். ஆவணியில் ஒரே முகூர்த்த நாளை இரண்டு குடும்பம் ஒரே நொடியில் புக் செய்தால் மண்டபம் யாருக்கு என்று யோசிப்பது டெவலப்மென்ட். இதில் எந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்கிறது என்று பாருங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

கையில் என்ன காகிதம் வரும்? என் மாதிரி சின்னக் கம்பெனிகள் டிகிரியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பெரும்பாலும் முதல் வடிகட்டியே அதுதான்: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எழுதவும் டிகிரி வேண்டும்.

மொத்தச் செலவு என்ன? ஃபீஸ் ரசீதில் இருப்பது மட்டும் செலவு கிடையாது. காலேஜ் பஸ், லேப்டாப், ப்ராஜெக்ட், அரியர் ஃபீஸ் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மிச்சமாகிறது? என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் மேல் இதுதான். மேலே சொன்னபடி வெப்பைத் தானாகத்தான் கற்க வேண்டும் என்றால், அதற்கு நேரம் விட்டுவைக்கிற கல்லூரியே நல்ல கல்லூரி.

மனசு மாறினால் வேறு எங்கே போகலாம்? பதினேழு வயதில் எடுக்கிற முடிவு, மாறத்தான் செய்யும்.

## பி.இ., பி.டெக்.

கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50, 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு கவுன்சலிங்கில் போகிற வழி. சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐ.டி. இரண்டில் எது என்று கேட்டால், வெப் மட்டும்தான் குறி என்றால் ஐ.டி. கொஞ்சம் பக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்டத்தில், ஐ.டி. பிரிவுக்கு ஃபுல் ஸ்டாக் வெப் டெவலப்மென்ட் (கண்ணுக்குத் தெரிகிற பக்கமும் பின்னால் ஓடுகிற வேலையும் சேர்த்து) என்று ஒரு தாளே இருந்தது. சி.எஸ்.இ.யில் வெப் டெக்னாலஜீஸ் விருப்பப் பாடமாகத்தான் வந்தது, எடுத்தால் உண்டு. ஆனால் அந்த ஃபுல் ஸ்டாக் தாள் வந்தது ஐந்தாவது செமஸ்டரில். அதற்குள் மேட்ரிசஸ், இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டியிருந்தது. படம் வரைகிற டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு என்றால் முதலில் தூரம். நம் ஊர் தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளில் ஏகப்பட்டது ஸ்ரீபெரும்புதூர், தண்டலம், கேளம்பாக்கம் பக்கம் இருக்கிறது. பெரம்பூரில் வீடு என்றால் காலையில் ஆறேகாலுக்கு காலேஜ் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், திரும்பி வீட்டுக்கு வர மாலை ஆறு தாண்டும், அதற்கு மேல் எங்கே புரோகிராம் கோடு எழுதுவது? பஸ் ஃபீஸ் தனி. இரண்டாவது, மேனேஜ்மென்ட் கோட்டா. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான், "நல்ல காலேஜ், சீட் போய்விடும்" என்று அவசரப்பட்டு மேனேஜ்மென்டில் பணம் கட்டினால் அது கைவிட்டுப் போய்விடும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என் பதில் ஒரே வார்த்தைதான், போங்கள்.

வெளிநாட்டில் எம்.எஸ். கனவு இருந்தாலும் நான்கு வருட டிகிரிதான் வசதி. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பைக் கேட்கும், மூன்று வருட டிகிரியோடு போனால் இழுபறி. நல்ல கட்-ஆஃப் இருந்து, கல்லூரியும் ஊருக்குள் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 150-க்குக் கீழே வாங்கிவிட்டு, ஊர்க்கோடியில் ஒரு கல்லூரியில், "எப்படியும் இன்ஜினியர் ஆகணும்" என்று வீட்டை அடகு வைத்துச் சேர்ப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

## பிசிஏ, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்

ரகசியமாக எனக்குப் பிடித்த வழி இது. காரணம் பாடத்திட்டம் இல்லை. பாடத்திட்டம் சுமார்தான். போன வருடம் தெரிந்த பையன் ஒருவனின் லேப் ரெக்கார்டைப் புரட்டினேன். பென்சிலில் மார்ஜின் போட்டு, நீல மையில் அழகாக எச்டிஎம்எல் கோடு எழுதியிருக்கிறான், அதில் மூன்றாவது பயிற்சி எழுத்தை வலமிருந்து இடமாக ஓடவிடும் மார்க்கீ. பழைய சினிமா தியேட்டர் வாசல் பல்பு மாதிரி ஓடுமே, அதேதான். உலகம் அதைக் கைவிட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பக்கத்திலேயே மேடம் சிவப்பு மையில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

பிறகு ஏன் பிடிக்கிறது? ஷிஃப்ட். சென்னையில் பல கலை அறிவியல் கல்லூரிகளில் காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று இரண்டு உண்டு. காலை ஷிஃப்ட் மதியம் ஒன்றரை வாக்கில் முடிந்துவிடும், மாலை ஷிஃப்ட் அதற்கு அப்புறம்தான் தொடங்கும். எப்படிப் பார்த்தாலும் அரை நாள் உங்கள் கையில். கல்லூரிகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன: அரும்பாக்கம், நுங்கம்பாக்கம், வேளச்சேரி, ராயப்பேட்டை, தாம்பரம், எல்லாம் மெட்ரோவோ மின்சார ரயிலோ மாநகரப் பஸ்ஸோ போகிற இடம். மூன்று வருடம், தினமும் நான்கு மணி நேரம் என்று போட்டால் எந்த இன்ஸ்டிடியூட்டும் தர முடியாத பயிற்சி அது. என் ஆபீஸில் இப்போது இருக்கிற ஐந்து பேரில் இரண்டு பேர் மாலை ஷிஃப்டில் படித்தவர்கள்தான், படிக்கும்போதே காலையில் சின்னச் சின்ன வேர்ட்பிரஸ் வேலை பார்த்தவர்கள்.

அந்த இருவரில் ஒருத்தியை வேலைக்கு எடுத்த கதையைச் சொல்கிறேன். இன்டர்வியூவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு துணிக்கடை நோட்டீஸ் ஃபைலைக் கொடுத்து, இதைத் தளத்தில் போடு என்பேன். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது அது. அப்படியே ஒட்டினால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்து விழும். பார்டர் போட்ட சான்றிதழ் நாலைந்து வைத்திருந்த ஒருவர், ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது சார் என்றார். இந்தப் பெண் ஒரு நொடி பார்த்துவிட்டு, "இது யூனிகோடுக்கு மாத்தணும் சார், எங்க தெரு மெஸ்ஸுக்கு மெனு போடும்போது இதே மாதிரி வந்துச்சு" என்றாள். சம்பளம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

சரி, குறைகள். பிசிஏ பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கும், அதே கல்லூரியின் உதவிபெறும் பிரிவு ஃபீஸைக் கேட்டுவிட்டு வந்து இங்கே விசாரித்தால் மயக்கம் வரும். அரசுக் கலைக் கல்லூரியில் கிடைத்தால் செலவு சொற்பம், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்குக் கடும் போட்டி. கேம்பஸில் பி.எஸ்சி., பிசிஏ-வுக்கு வருகிற ஆரம்பச் சம்பளம் பி.இ.யை விடக் குறைவாகத்தான் இருக்கும். கம்பெனியே மேற்படிப்பு படிக்க வைக்கிறோம் என்று எடுக்கும் திட்டங்களும் உண்டு, விப்ரோவின் வில்ப் அப்படித்தான், வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். முடிக்கலாம், ஆனால் இத்தனை வருடம் விட்டுப் போகக் கூடாது என்ற ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு எம்.சி.ஏ. போக நினைத்தால் அது இப்போது இரண்டே வருடம், டான்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மொத்தம் ஐந்து வருடம் ஆகிறது, பி.இ.க்கு நான்கு.

2024-25 முதல் பிசிஏ-வும் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்துவிட்டது, சேரும் கல்லூரிக்கு அந்த அனுமதி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ப்ளஸ் டூவில் காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுத்தவர்களும் பல கல்லூரிகளில் பிசிஏ சேர முடிகிறது. பி.எஸ்சி.க்கு அந்தத் தாராளம் குறைவு.

## விஸ்காம்

டிசைன் பக்கம் சாய்கிற பிள்ளைகள் கேட்பது இது, முழுப் பெயர் விஷுவல் கம்யூனிகேஷன். வரைவது, போட்டோ, விளம்பரம், வீடியோ எல்லாம் வரும், வெப் டிசைன் அதில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். கண் பழகும், இது பெரிய விஷயம். ஒரு பக்கத்தைப் பார்த்ததும் "இங்கே இடம் விடணும்" என்று சொல்லத் தெரிந்தவர்களைக் கோடு எழுதுகிறவர்களிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் செலவு விஷயத்தில் இதுதான் ஆளை ஏமாற்றும். ஃபீஸ் கட்டியதும் முடிந்தது என்று நினைப்பீர்கள், கேமரா வரும், லென்ஸ் வரும், எடிட்டிங் தாங்குகிற லேப்டாப் வரும், கடைசி வருடக் குறும்படத்துக்கு நண்பர்களுக்குச் சாப்பாடு வாங்கிப் போட்டே ஒரு தொகை போகும். வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் கனவு கோடம்பாக்கம், அந்தக் காற்றில் வெப் டிசைன் ஆசை கரைந்துபோவதும் உண்டு. டிசைன் வரையும் ஃபிக்மாவும், பக்கத்துக்கு அழகு கொடுக்கும் சிஎஸ்எஸ்ஸும் கொஞ்சம் தானாகக் கற்றுக்கொள்கிற பிடிவாதம் இருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

## பாலிடெக்னிக்

பத்தாவது முடித்ததும் மூன்று வருடம், ப்ளஸ் டூ முடித்தவர்கள் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம். தரமணி சிபிடி (சென்ட்ரல் பாலிடெக்னிக்) மாதிரி அரசுப் பாலிடெக்னிக்கில் செலவு மிகக் குறைவு. டிப்ளமா முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. பத்தொன்பது வயதுக்குள் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் இதுதான் முதல் தேர்வு. மூன்று வருட டிப்ளமாவை மட்டும் வைத்துக்கொண்டு டிகிரி கேட்கிற கம்பெனிகளில் நுழைவது சிரமம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ கலைக் கல்லூரியோ, அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இன்டர்நெட் ரீசார்ஜுக்காவது ஆகும்.

## ஆறு மாத ஃபுல் ஸ்டாக் கோர்ஸ்

வடபழனி, தி.நகர், வேளச்சேரி, எங்கே திரும்பினாலும் போர்டு. என்னிடம் வருபவர்கள் சொல்லும் தொகை முப்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி இருப்பது பில் போடும்போதுதான் தெரியும்.

எனக்கே பட்ட அனுபவம். பதினைந்து வருடத்துக்கு முன் டிகிரி முடித்த கையோடு ஒரு இன்ஸ்டிடியூட்டில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். இரண்டாவது மாதம் சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அதற்குப் பிறகு எங்கள் பேட்சில் மூத்த மாணவன் ஒருவன்தான் பாடம் எடுத்தான், அவனுக்கும் பிஎச்பி எங்களைப் போலவே அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது. பணம் திரும்பி வரவே இல்லை.

இப்போது ஆபத்து இன்னொரு வடிவத்தில் வருகிறது, மாதத் தவணை. "இப்போ ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்று ஒரு டேப்லெட்டில் கையெழுத்து வாங்குவார்கள். அது ஃபைனான்ஸ் கம்பெனியிடம் நீங்கள் வாங்கும் கடன். இன்ஸ்டிடியூட்டுக்குப் பணம் அன்றே போய்விடும், வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், நாளைக்கு எஜுகேஷன் லோனே சிக்கலாகலாம். அப்புறம் "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்ற சொல். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அங்கே "உதவி" என்றுதான் இருக்கும். உதவி என்றால் இன்டர்வியூ நடக்கும் இடத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது.

இது யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே டிகிரி இருந்து, வேலை மாற நினைக்கிறவர்களுக்கு. தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது, ஒரு நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால்தான் ஓடும் என்கிறவர்களுக்கு. மாதாமாதம் பணம் கட்ட விடுகிற இடமாகப் பாருங்கள். டிகிரிக்குப் பதிலாக இதை வைப்பது மட்டும் வேண்டாம்.

## ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ்.

பெயர் டேட்டா சயின்ஸ், ஆகவே வெப் படிக்க நினைப்பவர்கள் இதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். உள்ளே டிப்ளமா நிலையில் மாடர்ன் அப்ளிகேஷன் டெவலப்மென்ட் என்று இரண்டு பாடம் இருக்கிறது, முதலாவதில் ஃபிளாஸ்க், அடுத்ததில் வியூ (இரண்டுமே வெப் ஆப் கட்ட உதவும் கருவிகள்), இரண்டு பாடத்துக்கும் தனித்தனி ப்ராஜெக்ட், செய்ததை விளக்கிச் சொல்ல வைவா. நான் பார்த்தவரை வகுப்பறைப் படிப்பில் வெப் இவ்வளவு ஒழுங்காக வருவது அரிது.

2020-இல் தொடங்கியது. ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நடுவில் நின்றாலும் முடித்த நிலையைப் பொறுத்துச் சான்றிதழோ டிப்ளமாவோ கையில் வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை உண்டு.

இதில் சிக்கல், முதல் நிலையிலேயே கணிதமும் புள்ளியியலும் இரண்டிரண்டு தாள். பட்டனுக்கு நிறம் பார்க்க வந்தவன் நிகழ்தகவில் மாட்டிக்கொள்வான். தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாராந்திர அசைன்மென்ட் கழுத்தை நெரிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இலேயே அனுமதித்துவிட்டதால், மாலை ஷிஃப்ட் பிசிஏ-வோடு சேர்த்து இதை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்தவர்களுக்கு அருமையான ஜோடி. முதல் வருடமே இரண்டையும் தூக்கிச் சுமந்து இரண்டிலும் அரியர் வைப்பதற்குப் பதில், ஒரு வருடம் கழித்துத் தொடங்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | வெப் பாடம் | மிச்ச நேரம் | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|---|
| பி.இ., பி.டெக். | 4 வருடம் | தாமதமாக எட்டிப் பார்க்கும் | குறைவு | காலேஜ் பஸ், மேனேஜ்மென்ட் ஃபீஸ் |
| பிசிஏ, பி.எஸ்சி. | 3 வருடம் | உண்டு, பழசு | அரை நாள் | சுயநிதி ஃபீஸ், பிறகு எம்.சி.ஏ. |
| விஸ்காம் | 3 வருடம் | ஒரு மூலையில் | நடுத்தரம் | கேமரா, ப்ராஜெக்ட் |
| பாலிடெக்னிக் | 3 வருடம் | அடிப்படை | குறைவு | டிகிரிக்கு மேலும் 3 வருடம் |
| இன்ஸ்டிடியூட் | 6 மாதம் | முழுக்க அதுதான் | நிறைய | ஜிஎஸ்டி, தவணைக் கடன் |
| ஐ.ஐ.டி. பி.எஸ். | 4 வருட டிகிரி, அவரவர் வேகம் | இரண்டு நல்ல பாடம் | உங்கள் கையில் | கணிதத்தில் திரும்பத் திரும்ப எழுதுவது |

## சேர்வதற்கு முன்

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு லேபைப் போய்ப் பாருங்கள். அட்மிஷன் கவுன்டரில் இருப்பவர் காட்டும் ஏசி லேபை விட்டுவிட்டு, பிள்ளைகள் உண்மையில் உட்காரும் லேபைக் கேளுங்கள். எத்தனை சிஸ்டம் ஓடுகிறது, இன்டர்நெட் உண்டா, புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் திறக்கிறதா அல்லது "பிளாக்டு" என்று வருகிறதா. கடைசி வருட மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, உங்கள் செட்டில் வெப் வேலைக்குப் போனவர்கள் யார், அவர்கள் எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் கொடுக்காதீர்கள், கல்லூரிகள் அப்படிப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசியே சொல்லியிருக்கிறது.

அக்கா பையனுக்குக் கட்-ஆஃப் 163. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கல்லூரியில் ஐ.டி., இல்லையென்றால் அரும்பாக்கத்தில் மாலை ஷிஃப்ட் பிசிஏ. வீடு கொளத்தூரில். மேலே சொன்னதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன், "நாலு பேர் என்ன படிக்கிறான்னு கேட்டா பிசிஏன்னு எப்படிடா சொல்றது" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் இரண்டு கல்லூரிக்கும் ஒரு தடவை காலையில் கிளம்பிப் போய்த் திரும்பி வந்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறான். ஒன்றில் நான்கே கால், இன்னொன்றில் ஒன்றரை.